சீனாவின் காவ்காவ் ஆங்கிலத் தாளில் வரும் வாசிப்புப் பகுதியை நம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

லாஸ்பேட்டை டியூஷன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் எடுக்கிறேன். இங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு, முன்பின் பார்க்காத பேசேஜைப் படித்துப் பதில் சொல்வது பிள்ளைகளுக்குப் பெரும் பாரமாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் கோர் எழுத்துத் தேர்வின் 80 மார்க்கில் 22 மார்க் இந்தப் பகுதிக்குத்தான். பாடத்தை உருப்போட்டு வந்த பழக்கம் இங்கே கைகொடுக்காது.

கடையில் கிடைக்கும் கைடுகளில் உள்ள பேசேஜ்கள் எனக்குப் போதவில்லை. கேள்வியில் இருக்கும் வார்த்தையைப் பேசேஜில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே இறக்கி வைத்தால் முழு மார்க் என்கிற மாதிரிதான் பெரும்பாலும் இருக்கின்றன. வேறு நாட்டுத் தாள்களைத் தேடும்போது சீன மேல்நிலை மாணவர்கள் எழுதும் காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாள்கள் கிடைத்தன. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்கென்றே தயாரித்தவை, பேசேஜ்களும் படிக்கச் சுவையாக இருக்கின்றன. ஆனால் குறிப்புகள் எல்லாம் சீன மொழியில். விடைப் பட்டியலில் வெறும் ஏ, பி, சி, டி.

தாளின் அமைப்பு என்ன, எந்தப் பகுதி நமக்குத் தகும்? வகுப்பில் கொடுக்கும் முன் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? ஒரு விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

கெடிலக்கரை

வணக்கம் சார். கடலூரிலிருந்து எழுதுகிறேன். முதலில் எந்தத் தாள் என்று பார்த்து எடுங்கள். சீனா முழுவதற்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் ஆகிய நகரங்கள் தங்கள் தாளைத் தாங்களே தயாரிக்கின்றன. மற்ற மாகாணங்களுக்குத் தேசிய அளவில் தயாராகும் தாள்கள் போகும். அவற்றில் குவாங்டோங், சாண்டோங், ஜியாங்சு, ஹூனான் முதலிய மாகாணங்கள் 2021 முதல் எழுதிவரும் 'புதிய பாடத்திட்டத் தாள் 1' (2025 முதல் இதன் பெயர் 'தேசியத் தாள் 1') உங்கள் வேலைக்குப் பொருந்தும். ஷாங்காய் தாளின் அமைப்பு வேறு, இதோடு கலக்க வேண்டாம்.

தாள் 1-க்கு மொத்தம் 150 மார்க், 2 மணி நேரம். கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுதுதல் 40. ஜூன் 8 பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். வாசிப்புக்கான 50 மார்க் இரண்டு பிரிவாக இருக்கும். முதல் பிரிவில் ஏ, பி, சி, டி என நான்கு பேசேஜ், 21 முதல் 35 வரை 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2.5 மார்க். ஏ பேசேஜுக்கு 3 கேள்வி, மற்ற மூன்றுக்கும் நான்கு நான்கு. இரண்டாம் பிரிவு 36 முதல் 40 வரை. ஒரு பேசேஜிலிருந்து ஐந்து இடங்களில் வாக்கியத்தை உருவி எடுத்துவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைத் தந்திருப்பார்கள். ஐந்தை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும், இரண்டு மிஞ்சும். அதற்கும் கேள்விக்கு 2.5 மார்க்தான்.

ஒவ்வொரு பேசேஜும் சுமார் 250 முதல் 350 சொல். நான்கும் ஒரே தரத்தில் இருக்காது. ஏ என்பது விளம்பரம், அறிவிப்பு, சுற்றுலாத் தகவல், போட்டி விதிமுறை போன்றது. தகவலைத் தேடி எடுத்தால் போதும். பி பெரும்பாலும் ஒரு மனிதரையோ அவர் செய்த காரியத்தையோ பற்றி வரும். சி விளக்கக் கட்டுரை, சில ஆண்டுகளில் ஒரு புத்தகத்தின் அறிமுகமாகவும் வரும். டி பெரும்பாலும் அறிவியல் ஆய்வு: என்ன கேள்வியோடு தொடங்கினார்கள், எப்படிச் சோதித்தார்கள், என்ன கண்டார்கள், அந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற வரிசையில் போகும். பிளஸ் ஒன் தொடக்கத்தில் ஏ, பி மட்டும் கொடுங்கள். அரையாண்டுக்குப் பிறகு சி. டி பேசேஜை பிளஸ் டூவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி, மாற்ற வேண்டியவை. சீன மொழியில் இருக்கும் முன்குறிப்பு 'படித்துச் சரியான விடையைத் தேர்ந்தெடு' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை, நீக்கிவிடலாம். பேசேஜுக்குள் சில சொற்களை அடுத்து அடைப்புக்குறியில் சீன எழுத்து இருக்கும். அது முக்கியம். 2017இல் வந்த பாடத்திட்ட வரையறைப்படி இந்தத் தேர்வை எழுதுபவர் சுமார் 3000 ஆங்கிலச் சொற்களை அறிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்து ஒரு சொல் வந்தால், பக்கத்திலேயே அதன் சீனப் பொருளை அச்சிட்டு விடுவார்கள். அந்த இடத்தில் நீங்கள் தமிழ்ப் பொருளைப் போடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு அந்த 3000 சொல்லிலேயே பல தெரியாமல் இருக்கும். அதற்காகத் தெரியாத சொல்லுக்கெல்லாம் பொருள் போட்டுக்கொண்டே போனால் படிக்கும் வேலையே மிஞ்சாது. ஒரு பேசேஜுக்கு ஐந்தாறு சொல் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். செடி, விலங்கு, கருவி, நோய் ஆகியவற்றின் பெயர்கள் சூழலிலிருந்து பிடிபடாது. அவற்றுக்குப் பொருள் கொடுங்கள். வாதத்தைச் சுமக்கும் வினைச்சொற்களை, உரிச்சொற்களைத் தொடாதீர்கள். பேசேஜில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு இருந்தால் அதன் பொருளைத்தான் கேள்வியில் கேட்கப் போகிறார்கள், அதற்குப் பொருள் எழுதிவிடாதீர்கள்.

இணையத்திலிருந்து நகலெடுக்கும்போது கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, அந்த அடிக்கோடு மறைந்துவிடும். 'அடிக்கோடிட்ட சொல் எதைக் குறிக்கிறது' என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும், பிள்ளை எதைப் பார்க்கும்? இன்னொன்று, ஏ பேசேஜில் தேதி, கட்டணம், நேரம் எல்லாம் பத்தியாகப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். ஒட்டும்போது ஒன்றின் கட்டணம் மற்றொன்றின் நேரத்தோடு சேர்ந்துகொள்ளும். அச்சுத் தாளின் பி.டி.எஃப். படத்தை வைத்து ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுங்கள்.

நேரம்: கேட்டல், மொழிப் பயன்பாடு, எழுதுதல் மூன்றும் போக, வாசிப்புக்கு 35 முதல் 40 நிமிடம்தான் தேறும். ஏ-க்கு 5, பி-க்கு 7, சி-க்கு 8, டி-க்கு 9, வாக்கியம் பொருத்துவதற்கு 7 என்று பிரித்தால் 36 நிமிடம். தொடக்கத்தில் இதைப்போல் இரு மடங்கு கொடுங்கள். கடிகாரத்தை முதல் வாரமே கொண்டுவந்தால் பிள்ளைகள் ஆப்ஷனை மட்டும் பார்த்துக் குத்துமதிப்பாக டிக் அடிக்கப் பழகிவிடுவார்கள், அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது கடினம்.

மஞ்சக்குப்பம் வாசகி

கெடிலக்கரை சார் அமைப்பைச் சொல்லிவிட்டதால் நான் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இந்தத் தாளின் பலமே தவறான ஆப்ஷன்களில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வழியில் தப்பாகும்படி எழுதப்பட்டது. அந்த வழிகளுக்குப் பெயர் வைத்துச் சொல்லித்தருவது சீன வகுப்புகளில் வழக்கம், நாமும் அதையே செய்யலாம்.

கேள்விகள் நான்கு வகை: விவரம், ஊகம், மையக்கருத்து, சொற்பொருளை ஊகிப்பது. படிக்கும் வரிசையையும் கற்றுக்கொடுங்கள். முதலில் கேள்வியை மட்டும் படிக்க வேண்டும், ஆப்ஷனைக் கையால் மறைத்துவிட வேண்டும். பிறகு பேசேஜ். பிறகு பதிலைத் தன் வார்த்தையில் மனத்தில் சொல்லிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் ஆப்ஷன். ஆப்ஷனை முதலில் படித்தால் நான்கில் மூன்று பொய்த் தகவல் தலைக்குள் போய்விடும், பேசேஜைப் படிக்கும்போது அதையும் பேசேஜ் சொன்னதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

தாளில் ஐந்து வரிக்கு ஒருமுறை ஓரத்தில் வரி எண் போடுங்கள். விடை எழுத்தோடு ஆதாரமான வரி எண்ணையும் எழுத வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். வரி எண் இல்லாத சரியான விடைக்கு அரை மார்க், வரி எண் சரியாக இருந்து விடை தப்பினால் அதற்கும் அரை மார்க். இரண்டாவது வகையில், பிள்ளைக்கு வாசிப்பு வந்துவிட்டது, ஆப்ஷனைப் பிரித்துப் பார்ப்பதில்தான் குறை என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

ஒரு மாதிரி தருகிறேன். நம் கடற்கரையையே எடுத்துக்கொள்ளலாம். பேசேஜின் சாரம் இது: '2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்தவர்கள், அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் இருந்த இடங்களுக்குப் பின்னால் அமைந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். அந்த ஆய்வு 2005இல் சயின்ஸ் இதழில் வெளியானது.' கேள்வி: இந்த ஆய்விலிருந்து என்ன தெரிகிறது?

ஏ. கரையில் மரங்கள் இருந்தால் சுனாமியால் எந்தச் சேதமும் வராது.
பி. சுனாமிக்குப் பிறகு கரையோரம் சவுக்கு நட்டார்கள்.
சி. கரையோர மரங்கள் அலையின் தாக்கத்தைத் தணிக்க உதவின.
டி. கிராமங்களைவிட அலையாத்திக் காட்டுக்குச் சேதம் குறைவு.

ஏ-வில் நடந்தது மிகைப்படுத்தல். 'குறைவு' என்பது 'எந்தச் சேதமும் வராது' என்று ஆகிவிட்டது. ஆல், ஒன்லி, நெவர், ஆல்வேஸ் போன்ற சொல் ஆப்ஷனில் இருந்தால் பேசேஜிலும் அதே அளவுக்கு அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சொல் இருந்தாலே தப்பு என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், சரியான விடையிலும் அது வருவதுண்டு.

பி, பேசேஜில் இல்லாதது. ஊரில் பார்த்த பிள்ளை அது உண்மை என்று சொல்லும். உலகத்தில் உண்மையா என்பது இங்கே கேள்வி இல்லை, இந்தப் பத்து வரியில் எந்த வரி சொல்கிறது என்று கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இதில்தான், பொது அறிவு அதிகம் என்பதால்.

டி-யை ஆள்மாறாட்டம் என்று சொல்லலாம். கிராமம், அலையாத்தி, சேதம், குறைவு என்று எல்லாச் சொல்லும் பேசேஜில் உள்ளவைதான். ஆனால் பேசேஜ் ஒப்பிட்டது ஒரு கிராமத்தை இன்னொரு கிராமத்தோடு. ஆப்ஷன் ஒப்பிடுவது கிராமத்தைக் காட்டோடு. கைடு பார்த்துப் பழகியவர்கள் பேசேஜின் சொற்கள் அதிகமாக இருக்கும் ஆப்ஷனைத்தான் எடுப்பார்கள். காவ்காவ் தாளில் அது பொறி. சரியான விடை பெரும்பாலும் பேசேஜின் சொல்லைத் தவிர்த்து, கருத்தை வேறு சொல்லில் தரும். இங்கே சி-யில் 'தாக்கத்தைத் தணிக்க' என்ற சொற்கள் பேசேஜில் எங்கும் இல்லை, ஆனால் பேசேஜ் சொன்னதைத் தாண்டவும் இல்லை. ஏ பேசேஜின் தேதி, கட்டணக் கேள்விகளுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே விடை அப்படியே கிடைக்கும்.

இந்த மூன்று போக நான்காவது ஒன்று உண்டு: பேசேஜில் இருக்கும், உண்மையாகவும் இருக்கும், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலாக இருக்காது. மேலே 'ஆய்வு 2005இல் வெளியானது' என்று ஓர் ஆப்ஷன் இருந்தால் அந்த வகை. 'ஏன்' என்ற கேள்விக்கு 'எப்போது' என்ற உண்மையைப் போட்டிருப்பார்கள்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்கு ஒரு சோதனை போதும். தலைப்பை ஒவ்வொரு பாராவோடும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாராவுக்கு மட்டும் பொருந்தினால் குறுகல். பேசேஜில் வராத பத்து விஷயங்களுக்கும் பொருந்தினால் அகலம். 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்பது எந்தப் பேசேஜுக்கும் பொருந்தும், ஆகவே இதற்குப் பொருந்தாது.

மனப்பான்மைக் கேள்வியில் யாருடைய மனப்பான்மை என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டுரையாளரா, ஆய்வாளரா, மேற்கோளில் பேசுபவரா? டி பேசேஜில் மூன்று பேரும் இருப்பார்கள். ஆப்ஷனில் வரும் சொற்கள் திரும்பத் திரும்ப அவைதான்: ஃபேவரபிள், டவுட்ஃபுல், டாலரன்ட், டிஸ்மிஸிவ், ஆப்ஜெக்டிவ், அன்கிளியர் போன்றவை. ஒரு பதினைந்து சொல்லை மட்டும் தனியாக எழுதிப் பழக்கிவிடுங்கள். சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதால் உடனே பலன் கிடைக்கும் இடம் இது.

லாஸ்பேட்டை டியூஷன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வரி எண் முறையை இந்த வாரமே தொடங்குகிறேன். இன்னும் இரண்டு. சில பிள்ளைகளுக்குச் சொல் ஒவ்வொன்றும் தெரிகிறது, ஆனால் நீளமான வாக்கியம் வந்தால் யார் எதைச் செய்தார் என்பது பிடிபடுவதில்லை. அடுத்து, ஏழில் ஐந்தைப் பொருத்தும் பகுதியை வெறும் ஊகத்தில் போடுகிறார்கள். இதற்கும் முறை இருக்கிறதா?

நெல்லிக்குப்பம்

நீள வாக்கியத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன். இதில் நம் பிள்ளைகளுக்கும் சீனப் பிள்ளைகளுக்கும் ஒரே சிக்கல். 'புயலில் சேதமான படகுகள்' என்று நாம் பெயருக்கு முன்னால் விவரத்தை வைப்போம். சீன மொழியிலும் அப்படித்தான், விவரம் முழுவதும் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலம் முதலில் பெயரைச் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடுகிறது. அந்த விவரம் எங்கே முடிந்து, முக்கிய வினை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள்.

'தி போட்ஸ் தட் வேர் டேமேஜ்ட் இன் தி ஸ்டார்ம் ஹேவ் பீன் ரிப்பேர்ட்.' இதைக் கொடுத்தால் தடுமாறும் பிள்ளை கடைசித் துண்டை மட்டும் சேர்த்துப் பிடிக்கும்: 'ஸ்டார்ம் ஹேவ் பீன் ரிப்பேர்ட்.' புயலைப் பழுது பார்த்தார்கள் என்று ஆகிவிடும்.

செய்ய வேண்டியது இது. பென்சிலால் வினைகளுக்கு மட்டும் வட்டம் போடச் சொல்லுங்கள். இங்கே 'வேர் டேமேஜ்ட்', 'ஹேவ் பீன் ரிப்பேர்ட்' என்று இரண்டு. இரண்டு வினை இருந்தால் ஒன்று இணைப்புச் சொல்லுக்குச் சொந்தம். தட், விச், ஹூ, வென், பிகாஸ் ஆகியவற்றைத் தேடி, அதிலிருந்து அதன் வினையும் மிச்சமும் முடியும் வரை அடைப்புக்குறி போட வேண்டும். அடைப்புக்குறிக்கு வெளியே மிஞ்சுவதை மட்டும் உரக்கப் படிக்க வேண்டும்: 'தி போட்ஸ் ஹேவ் பீன் ரிப்பேர்ட்.' எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பெயரோடு சேர்த்துத் தமிழில் சொல்லட்டும்.

ஒருமை பன்மையை வைத்துச் சரிபார்க்கவும் பழக்குங்கள். ஸ்டார்ம் ஒருமை, ஹேவ் பன்மைக்கு உரியது, ஆகவே எழுவாய் ஸ்டார்ம் ஆக முடியாது. சீன மொழியில் வினைச்சொல் எண்ணுக்கோ காலத்துக்கோ உருமாறுவதில்லை. அந்தப் பிள்ளைகள் இதைப் புதிதாகக் கற்க வேண்டும். தமிழில் 'படகு கவிழ்ந்தது, படகுகள் கவிழ்ந்தன' என்று நமக்குப் பழக்கமானதுதான். நம் பிள்ளைகளுக்கு இருக்கும் இந்த வசதியை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கடினம், இணைப்புச் சொல்லே இல்லாமல் வருவது. 'தி போட்ஸ் டேமேஜ்ட் இன் தி ஸ்டார்ம் ஹேவ் பீன் ரிப்பேர்ட்.' டேமேஜ்ட் என்பதை இறந்தகால வினை என்று எடுத்துக்கொண்டு 'படகுகள் சேதப்படுத்தின' என்பார்கள். பிறகு 'ஹேவ்' வந்ததும் வாக்கியம் உடைந்துவிடும். 'இ டி' முடிவுள்ள சொல்லைப் பார்த்தால், வாக்கியத்தில் வேறு முழு வினை பின்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இருந்தால் 'இ டி' சொல் விவரம் மட்டுமே. சி, டி பேசேஜ்களில் இந்த அமைப்பு நிறைய வரும்.

ஒரு பேசேஜுக்கு இப்படி இரண்டு வாக்கியம் போதும். கேள்விக்கு ஆதாரமாக இருக்கும் வாக்கியத்தையே எடுங்கள். முழுப் பேசேஜையும் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் முந்தையது மறந்துபோகும், பாராவின் போக்கு கிடைக்காது, தேர்வில் அதற்கு நேரமும் இல்லை.

வில்லியனூர்

எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தாள் 1-இன் வாசிப்புப் பகுதியில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. நம் சி.பி.எஸ்.இ. தாளில் எழுதிப் பதில் சொல்லும் கேள்விகள் இருக்கின்றன. 22 மார்க்கில் முதல் பேசேஜுக்கு 12, இரண்டாவதுக்கு 10. இரண்டாவது, ஆய்வுத் தகவலோடு வரைபடமோ அட்டவணையோ சேர்ந்து வருவது. டிக் அடிப்பதை மட்டும் ஒரு வருடம் பழக்கினால் பிள்ளை சரியாகப் புரிந்துகொள்ளும், எழுதும்போது மார்க்கை விடும்.

அதற்கு பெய்ஜிங் தாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கெடிலக்கரை சார் தள்ளிவைத்த தாள்களில் ஒன்றுதான், ஆனால் அதில் 2021 முதல் எழுதிப் பதில் சொல்லும் வாசிப்புப் பகுதி இருக்கிறது. ஒரு பேசேஜ், 4 கேள்வி, 12 மார்க். முதல் இரண்டும் சிறு விடை. மூன்றாவது கேள்வி அருமையானது: பேசேஜைப் பற்றி ஒரு கூற்றைக் கொடுத்து, அதில் எந்தப் பகுதி தவறு என்று அடிக்கோடிட்டு, ஏன் தவறு என்று எழுதச் சொல்வார்கள். நான்காவது, பேசேஜின் கருத்தை மாணவர் தன் வாழ்க்கையோடு சேர்த்து எழுதுவது. மஞ்சக்குப்பம் மேடம் சொன்ன மிகைப்படுத்தல், ஆள்மாறாட்டம் எல்லாவற்றையும் மூன்றாவது கேள்வி வடிவில் நீங்களே தயாரிக்கலாம். தாள் 1-இன் தவறான ஆப்ஷன் ஒன்றை எடுத்து, 'இதில் எந்தச் சொல் தவறு, ஏன்' என்று கேட்டால் கேள்வி தயார்.

இன்னொரு வழி, முதல் நாள் ஆப்ஷனோடு கொடுத்த சி பேசேஜை மறுநாள் ஆப்ஷன் இல்லாமல் கொடுத்து, அதே கேள்விக்கு 40 சொல்லுக்குள் பதில் எழுத வைப்பது. பேசேஜ் வாக்கியத்தை அப்படியே நகலெடுத்தால் மார்க் கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். வரைபடத்துக்கு காவ்காவ் தாளில் தீனி குறைவு, அதற்கு சி.பி.எஸ்.இ. மாதிரித் தாள்களையே வையுங்கள்.

பழைய தாள்களின் விடை இணையத்தில் இருப்பதால், ஆண்டையும் தாளின் பெயரையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். கேள்வி வரிசையை மாற்றத் தேவையில்லை, ஆனால் ஆப்ஷன்களின் ஏ, பி, சி, டி வரிசையை மாற்றுங்கள்.

தாளுக்கு வெளியே படிக்கவும் ஏதாவது வேண்டும். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போக முடிகிற பிள்ளைகள் வாரம் ஒருமுறை ஆங்கில நாளிதழின் அறிவியல் பக்கத்தில் ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு பாராவுக்கும் ஐந்தாறு சொல்லில் ஓரக்குறிப்பு எழுதட்டும். டி பேசேஜுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு இல்லை.

கெடிலக்கரை

வில்லியனூர் சொன்ன பெய்ஜிங் தாள் யோசனையை ஏற்கிறேன். பிளஸ் டூவுக்கு அந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

ஏழில் ஐந்து பொருத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊகத்தில் போடுவதற்குக் காரணம், கோடிட்ட இடத்துக்குப் பொருத்தமான 'கருத்தை' தேடுவதுதான். ஏழு வாக்கியமும் அதே தலைப்பில் இருப்பதால் கருத்தை வைத்துப் பார்த்தால் எல்லாமே பொருந்தும். தேட வேண்டியது இணைப்பை.

முதலில் ஏழு வாக்கியத்தையும் படித்து, ஒவ்வொன்றிலும் தனியாக நிற்க முடியாத சொல்லுக்கு அடிக்கோடு போட வைக்க வேண்டும். தே, இட், திஸ், சச், அனதர், ஆல்சோ, ஹவெவர், ஃபார் எக்ஸாம்பிள் போன்றவை. 'தே' என்றிருந்தால் அதற்கு முன் வாக்கியத்தில் ஒரு பன்மைப் பெயர் இருந்தாக வேண்டும். 'அனதர்' என்றால் முதலாவது ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். 'ஹவெவர்' என்றால் முன் வாக்கியமும் இதுவும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். அடுத்து பேசேஜுக்கு வந்து, கோட்டுக்கு முன் வாக்கியம் ஒன்று, பின் வாக்கியம் ஒன்று, இரண்டையும் படிக்க வேண்டும். பிள்ளைகள் முன் வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்கள். பாதி தவறு அங்கேதான். கோட்டுக்குப் பின்னால் வரும் 'திஸ்', 'தீஸ்' எதைச் சுட்டுகிறது என்று கேளுங்கள். முன்னால் எதுவும் இல்லையென்றால் விடுபட்ட வாக்கியத்துக்குள்தான் அது இருக்கிறது.

கோடு இருக்கும் இடமும் உதவும். பாராவின் தொடக்கத்தில் இருந்தால் கீழே வரும் எல்லாவற்றையும் தலைமை தாங்கும் வாக்கியம் வேண்டும். அதற்கு அந்தப் பாராவை முழுதும் படித்துவிட்டுத்தான் விடை போட வேண்டும். பேசேஜ் ஆலோசனைக் கட்டுரையாக இருந்து மற்ற பாராக்கள் கட்டளை வாக்கியத்தில் தொடங்கினால் இதுவும் கட்டளை வாக்கியமாகவே இருக்கும். நடுவில் இருந்தால் இரு பக்கமும் கைகோக்கும் வாக்கியம். கடைசியில் இருந்தால் முடிவு, விளைவு, அல்லது அடுத்த பாராவுக்கான வாசல்.

வரிசைப்படி 36-இல் தொடங்க வேண்டாம். உறுதியாகத் தெரிவதை முதலில் போட்டு, அந்த எழுத்தை அடித்துவிட வேண்டும். இங்கே ஒரு தவறு தனியாக நிற்காது. 37-க்கு உரிய வாக்கியத்தை 36-இல் வைத்துவிட்டால் 37-க்கும் வேறு எதையாவது போட்டாக வேண்டும், 5 மார்க் போய்விடும். அதனால் எல்லாம் போட்டு முடித்ததும், மிஞ்சிய இரண்டு வாக்கியத்தையும் ஐந்து இடத்திலும் ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்திலாவது போட்டதைவிட இது நன்றாக உட்கார்ந்தால் அங்கே நிறுத்தி, இரண்டு பக்கத்து வாக்கியத்தையும் மறுபடி படிக்க வேண்டும். 7 நிமிடத்தில் கடைசி ஒன்றரை நிமிடம் இதற்கு.

வகுப்புக்கு: பேசேஜை வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்து, ஒரு பாராவின் துண்டுகளைக் கலைத்து இரண்டு பேருக்கு ஒரு செட் கொடுங்கள். வரிசைப்படுத்திய பிறகு எந்தச் சொல்லைப் பிடித்து அடுத்த துண்டை வைத்தார்கள் என்று அந்தச் சொல்லுக்கு வட்டம் போட வேண்டும். ஆறு துண்டுக்கு மேல் வேண்டாம். தாளில் உள்ள ஏழு வாக்கியத்துக்கு இதில் கை பழகியவர்களை மட்டும் அனுப்புங்கள்.